செல் தின்றது இரண்டு எழுத்தா, மூன்று எழுத்தா

மலேசியாவின் ஈப்போவில் முதல் நாள் காலையிலேயே என் தமிழுக்கு ஓர் அடி விழுந்தது. விடுதிக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தோம். கடை முதலாளி காதர் பாய் தோளில் துண்டோடு வந்து, "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டார். பத்தொன்பது வருடமாகத் திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "இனிமேல்தான் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால்தானே பசி ஆறும்" என்று வகுப்பில் திருத்துகிற குரலில் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் பெயராம். நாங்கள் ஊரில் அதை டிபன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெர்த்து அம்மையார் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் ரொட்டி சானாயைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அது எத்தனை மடிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தார். எதையும் எண்ணாமல் வாயில் போடமாட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினான்கு வருடமாக அவரைக் கடிதத்தில் மட்டுமே அறிவேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பேனா நண்பர் சங்கத்தில் யாருக்கும் வேண்டாம் என்று மிச்சமாகிப் போன முகவரி அது. பின்லாந்து, ஆசிரியை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், வயது அறுபத்து மூன்று. உயரம் மட்டும் கடிதத்தில் வரவில்லை. விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய் அவருடைய கைப்பையைத்தான் கட்டிப்பிடித்தேன்.

எங்கள் பயணத்துக்குக் காரணம் ஒரு பெயர். அவருடைய குடும்பப் பெயர் மன்னினென். அதில் கடைசியில் வருகிற 'நென்' வால்தான். இன்னார் வீட்டு ஆட்கள் என்று அர்த்தம். ஆகவே மன்னி என்று ஒரு முன்னோர் இருந்திருக்க வேண்டும். அந்த மன்னி யார்?

இதை கெர்த்து எனக்கு மூன்று கடிதங்களில், படம் போட்டு விளக்கியிருந்தார். பழைய ஜெர்மானிய மக்கள் இரண்டு சொல்லை ஒட்டவைத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்களாம், நாம் வேல்முருகன் என்று வைக்கிற மாதிரி. அந்தப் பெயர்கள் வியாபாரிகளோடும் பாதிரிமார்களோடும் வடக்கே போய் பின்லாந்துக்காரர்கள் வாயில் மாட்டிக்கொண்டன. அவர்கள் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. சுப்பிரமணியனை நாம் மணி ஆக்கவில்லையா? அப்படித்தான் ஹெர்மன்னி என்பவர் மன்னி ஆனார் என்பது கெர்த்துவின் கட்சி. ஹெர் என்றால் படை, மன் என்றால் ஆள். படையாள்.

இல்லை, அது ஹார்ட்மன்னி என்பது அவருடைய அண்ணன் வால்த்தேரியின் கட்சி. ஹார்ட் என்றால் கடினம். கடினமான ஆள். கல்லுளிமங்கன் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு கட்சி இருந்தது. மன்னி என்பது நம்முடைய மன்னனேதான் என்று பதில் எழுதினேன். கெர்த்து அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

அண்ணனும் தங்கையும் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது இதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, காப்பி ஆறுவதற்குள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதோடு பதினொரு வருடமாகிறது. ஒரே பண்ணையில் எதிரெதிர் வீடு. நீராவிக் குளியல் அறை ஒன்றுதான் என்பதால் வெள்ளிக்கிழமை தங்கைக்கு, சனிக்கிழமை அண்ணனுக்கு. வேலி சாய்ந்துவிட்டது, மாடு வந்துவிட்டது என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் தபாலில் போடுவார்கள். தபால்காரர் அதை ஊருக்குள் கொண்டுபோய், முத்திரை குத்தி, மறுநாள் முற்றத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுப்பார். இப்போது வேலியைப் பற்றிய கடிதமும் நின்றுவிட்டது.

சண்டையைத் தீர்க்க ஒரே ஆதாரம் குடும்ப வேதப் புத்தகத்தின் முதல் பக்கம். முன்னோர் பெயர்களை வரிசையாகக் கையால் எழுதி வைத்த பக்கம் அது. அதை அவர்களுடைய சித்தப்பா ஓட்டோ, யுத்தத்துக்கு ரொம்ப முந்தி, மலாயாவுக்கு எஞ்சின் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதியது ஒரே கடிதம். "பேராக் என்ற இடத்தில் ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இருக்கிறேன். எஞ்சின் மோசம். என்னைச் சுற்றி எல்லாரும் தமிழர்கள். ஆட்கள் நல்லவர்கள்." பிறகு சாவுச் செய்திதான் வந்தது, புத்தகம் வரவில்லை. தமிழர்கள் என்று அந்தக் கடிதத்தில் இருந்ததால்தான், எண்பத்து மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் நான் அவரோடு பேராக்கின் தலைநகரான ஈப்போவில் இருந்தேன்.

"ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் தேடினேன்" என்றார் கெர்த்து, ரொட்டியைப் பருப்பில் நனைத்தபடி. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். "அவனுக்கு எழுபது வயதாகிவிட்டது. போன குளிர்காலத்தில் மருத்துவமனையில் கிடந்தான். அதையும் தபால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் பேசினால் போதும். ஆனால் நானாக முதலில் பேச மாட்டேன். கையில் ஏதாவது இருந்தால் பேசலாம்."

இது எந்த நாட்டு நியாயம் என்று கேட்க நினைத்தேன். பிறகு என் பெரியம்மா வீட்டுச் சண்டைகள் ஞாபகம் வரவே, வாயை மூடிக்கொண்டு இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

காதர் பாயிடம் மன்னினென் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்படி ஆரும் இல்லையேக்கா. மன்னன்னு ஒருத்தரு இருக்காரு. தெலுக் இந்தான் பாசார்ல கருவாடு விக்கிறாரு."

நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று கெர்த்துவைப் பார்த்தேன். அவர் குறிப்பேட்டில் 'கருவாடு' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

இரண்டாம் நாள் தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏறினோம். அந்த ஊர்ப் பஸ்ஸில் யாரும் படியில் தொங்கவில்லை, டிரைவர் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கவில்லை. இந்த நிம்மதியில் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கிவிட்டோம். விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தென்னை மரமாக இருந்தது. இடையில் பஸ் மாறும்போது தூக்கக் கலக்கத்தில் பாகான் டத்தோ வண்டியில் ஏறியிருக்கிறோம். கண்டக்டர் ஒரு தமிழர். "தெலுக் இந்தான் பின்னால போயிருச்சுக்கா, இப்படியே போனா கடலுதான் லா" என்றார். அவர் சங்கடப்படாமல் இருக்கட்டும் என்று கெர்த்து தன் பையிலிருந்து ஒரு கருப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். நான் தடுப்பதற்குள் அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த மிட்டாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒரு கட்டி வைத்திருப்பாரே, நவச்சாரம், சூட்டில் புகைந்து கண்ணைக் கரிக்குமே, அதைத்தான் பின்லாந்துக்காரர்கள் அதிமதுரத்தோடு சேர்த்து மிட்டாயாகத் தின்கிறார்கள். கண்டக்டர் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். கண்ணில் நீர் கோத்தது. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படிக்குப் போனார். பாகான் டத்தோ வரும்வரை எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஒருவழியாக மத்தியானம் தெலுக் இந்தான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தோம். கருவாட்டுக் கடை மன்னன் நாலே முக்கால் அடி உயரம். கெர்த்து அவர் முன்னால் போய் நின்றபோது கடைக்கே நிழல் விழுந்தது. நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இவங்க எனக்குச் சொந்தமாக்கா?"

"அதைத்தான் விசாரிக்கிறோம்."

"எங்கப்பா பெரியகுளத்துலேந்து வந்தவரு. பிறந்தப்ப ரொம்பச் சின்னதா இருந்தேனாம், அதுக்காக மன்னன்னு பேரு வச்சாங்க" என்றார். கெர்த்து அவருடைய மூக்கையும் காதையும் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவர் மன்னினென் இல்லை. மன்னினென்கள் இவ்வளவு பொறுமையாகக் கேட்க மாட்டார்கள்" என்றார். புறப்படும்போது மன்னன் இரண்டு கட்டு நெத்திலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "சொந்தமா இல்லாட்டி என்னா, வச்சுக்கங்க" என்றார். என் மன்னன் கட்சி அன்றோடு கலைந்தது. வாசனை மட்டும் கடைசி நாள்வரை பெட்டியில் இருந்தது.

மூன்றாம் நாள் மழை. ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என்னிடம் குடை இல்லை. கெர்த்துவிடம் ஒன்று இருந்தது, அதன் கீழே நுழையப் போனேன். அவர் மரியாதையாக ஒரு அடி தள்ளி நடந்தார். "ஒரு குடையில் இரண்டு பேர் போனால் இரண்டு பேரும் பாதி நனைவார்கள். ஒருவர் முழுதாக நனைவதே மேல். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு குடை" என்று விளக்கினார். கணக்கு சரிதான். முழுதாக நனைந்தது நான் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

காதர் பாய் கடையில் தலையைத் துவட்டிக்கொண்டே எரிச்சலில், "இனி எங்கே போய்த் தேடுவது உங்கள் மன்னினெனை?" என்றேன். கெர்த்து, என் உச்சரிப்பு சரியில்லை என்று திருத்தினார். அவர்கள் மொழியில் முதல் அசையை அழுத்திவிட்டு மற்றதைத் தண்ணீராகக் கொட்டிவிட வேண்டும். மன்னினென், மன்னினென், மன்னினென் என்று ஐந்தாறு தரம் வேகமாகச் சொல்லிக் காட்டினார்.

பக்கத்து மேஜையில் மீன்தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "ஏங்கக்கா, இந்த வெள்ளக்கார அம்மா ஏன் முனியனைக் கூப்புடுறாங்க?"

அவர் பெயர் வீராசாமி. கல் லாரி ஓட்டுகிறார், வீடு சுங்கை சிப்புட்டில். பிறந்து வளர்ந்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் இருந்த ரப்பர்த் தோட்டம். தோட்டத்தை விற்று, எண்ணெய்க்குச் செம்பனை போட்டதும் எல்லாரும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். வர முடியாத ஒரே ஆள் சாமிதானாம்.

"எந்தச் சாமி?"

"முனியன் துரை. எஞ்சின் சாமி. வெள்ளக்காரரு. நான்தானே பூசை போடுறேன்" என்று லாரிச் சாவிக் கொத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் லாரிச் சாவியோடு ஒரு சின்னப் பித்தளைச் சாவியும் தொங்கியது.

மன்னினென், மன்னியன், முனியன். கரும்பலகை இருந்திருந்தால் எழுதியே காட்டியிருப்பேன். பின்லாந்துக்காரர்கள் ஜெர்மானியப் பெயரை மென்றார்கள் என்றால், நம் ஆட்கள் அந்த மிச்சத்தையும் மென்று சாமியாக்கியிருக்கிறார்கள்! கெர்த்துவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஓட்டோ சித்தப்பா எங்கள் ஊர்க் கோயிலுக்கே போக மாட்டார்" என்றார்.

நாலாம் நாள் வீராசாமியின் லாரியில் போனோம். முன்னால் மூன்று பேர், கெர்த்துவின் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. வீராசாமிக்கு அவர் பெயர் வாயில் நுழையவில்லை. கெர்த்து, கெருத்து என்று இரண்டு மூன்று தரம் முயற்சி செய்துவிட்டு, "கருத்தக்கா" என்று முடிவு செய்தார். பால் நிறத்தில் இருந்த அம்மையார் அதற்குப் பிறகு எல்லாருக்கும் கருத்தக்காதான். அவருடைய பெயருக்கு ஈட்டி, வலிமை என்று பழைய ஜெர்மானிய அர்த்தங்கள் உண்டு. இப்போது ஒரு தமிழ் அர்த்தமும் கிடைத்துவிட்டது என்றேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

செம்பனைகளுக்கு நடுவே போகிற மண் சாலையின் முடிவில் இடிந்த சுவர் ஒன்று. அதுதான் பழைய ஆலை. பக்கத்தில் ஒரு பெரிய மழைமரம். அதன் அடியில் தகரக் கொட்டகை, உள்ளே சாமி. சாமி என்றால் சிலை இல்லை. என் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம், பாதி மண்ணில் புதைந்து, மேல்பாதிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் ஒரு சூலம். பழைய எஞ்சினின் சக்கரம். காலடியில் சுருட்டுத் துண்டுகள்.

வீராசாமி கதையைச் சொன்னார். அந்த எஞ்சின் யாருக்கும் அடங்காதாம். முனியன் துரை வந்து, சுருட்டைப் பற்றவைத்து, மந்திரம் சொல்லித் திட்டினால்தான் ஓடும். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறுநாள் எஞ்சின் நின்றுவிட்டது. நாலு நாள் என்னென்னவோ செய்தும் அசையவில்லை. கடைசியில் ஒரு கங்காணி, சக்கரத்துக்கு முன்னால் சுருட்டு வைத்து, துரை சொல்லும் மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தார். ஓடியது.

"அந்த மந்திரம் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது இல்லாம பூசை ஏது?" என்று வீராசாமி சூடத்தைக் கொளுத்தினார். கண்ணை மூடினார். மணியை ஆட்டிக்கொண்டு, கணீரென்ற குரலில் ஆரம்பித்தார்: "பெர்க்கலே! பெர்க்கலே! சாத்தானா! பெர்க்கலே!"

எனக்குப் புல்லரித்தது. சாத்தன் எவ்வளவு பழைய தமிழ்த் தெய்வம்! என் கட்சிக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது என்று திரும்பினால், கெர்த்து மழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. அழுகிறாரோ என்று பயந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வந்ததும் என் காதில் அர்த்தத்தைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. அவர்கள் ஊரில் விரலில் சுத்தியல் பட்டால் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது ஓட்டோ சித்தப்பாதான். வேறு யாராகவும் இருக்க முடியாது" என்றார். அர்த்தத்தை வீராசாமிக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தப் பித்தளைச் சாவி சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டிக்கு. உள்ளே துரையின் வேதம் இருக்கிறதாம். ஆனால் சாமி உத்தரவு இல்லாமல் திறக்கக் கூடாது. சுருட்டைப் பற்றவைத்து வைத்தால், அது அணையாமல் முழுக்க எரிந்தால் உத்தரவு. பற்றவைத்தோம். காற்றில் ஈரம், இரண்டு நிமிடத்தில் அணைந்துவிட்டது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. வீராசாமி கையைப் பிசைந்தார். "சாமிக்கு மனசு இல்ல போல. இன்னொரு நாளு வாரேன்னு சொல்லிட்டுப் போலாமாக்கா?"

கெர்த்து மூன்றாவது சுருட்டை எடுத்தார். பற்றவைத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு முன்னால் விட்ட பழக்கமாம். சக்கரத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, கடைசி விரலளவு வரை இழுத்து முடித்தார். சாமியே குடித்த மாதிரிதான், ரத்த சொந்தம் அல்லவா என்று நான் எடுத்துக் கொடுத்தேன். வீராசாமி சக்கரத்தைக் கும்பிட்டுவிட்டுச் சரி என்றார். கெர்த்து நன்றிக்கு ஒரு நவச்சார மிட்டாயையும் சக்கரத்தின் முன்னால் வைத்தார்.

பெட்டி திறந்தது. புத்தகம் இருந்தது. புத்தகத்துக்குள் செல்லுப் பூச்சியும் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தின்றிருக்கும் போல. கெர்த்து அட்டையை ஒரு விரலால் திறந்தார். முதல் பக்கம் சல்லடையாக இருந்தது. அதன் நடுவில், பழுப்பு மையில், ஒரே ஒரு பெயர் பாதி மிஞ்சியிருந்தது. முதலில் ஹெச் என்ற எழுத்து. அப்புறம் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் 'மன்னி'.

ஹெர்மன்னிக்கும் முதல் எழுத்து ஹெச், ஹார்ட்மன்னிக்கும் முதல் எழுத்து ஹெச். சண்டைக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கிறது அந்தப் பூச்சி. கெர்த்து ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். அவ்வளவு பெரிய ஆள் தரையில் சுருங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு வலித்தது.

"என்னாக்கா எழுதியிருக்கு?" என்று வீராசாமி எட்டிப் பார்த்தார்.

"மன்னி" என்றேன்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மன்னியா? சாமி நம்மள மன்னிக்குதா, இல்ல நம்மகிட்ட மன்னிப்புக் கேக்குதா?"

அவர் என்ன சொல்கிறார் என்று கெர்த்து கேட்டார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். ஏவல் வினை, முன்னிலை ஒருமை என்று இலக்கணமும் சேர்த்துச் சொன்னேன், பழக்கதோஷம். அவர் அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியில் திரும்பும்போது எதையும் எண்ணவில்லை, எதையும் எழுதவில்லை. புத்தகத்தை நாங்கள் கேட்கவும் இல்லை. அது சாமியின் சொத்து.

ஈப்போ தபால் நிலையம் மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய், கெர்த்து அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். "பக்கம் கிடைத்தது. ஹெச், ஓட்டை, மன்னி. தமிழில் மன்னி என்றால் பொறுத்துக்கொள் என்று பொருள். கெர்த்து." பதினொரு வருடத்தில் வேலி, மாடு இரண்டும் இல்லாமல் அவர் அனுப்பிய முதல் செய்தி அது என்றார்.

ஐந்தாம் நாள் பதில் இல்லை. ஆறாம் நாளும் இல்லை. கெர்த்து விடுதி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தபால்காரர் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்பார். காதர் பாய் அவருக்காகவே காரம் குறைத்து மீன்கறி செய்து அனுப்பினார், தொடவில்லை. எனக்கு வால்த்தேரி மேல் அப்படி ஒரு கோபம். எழுபது வயதில் என்ன வீம்பு? கல்லுளிமங்கன் என்ற அர்த்தம் அந்த ஆளுக்குத்தான் பொருத்தம் என்று திட்டிக்கொண்டே அந்த மீன்கறியை நான் சாப்பிட்டேன்.

ஏழாம் நாள் தந்தி வந்தது. கெர்த்து பிரித்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். என்ன, என்ன என்று உலுக்கினேன். மொழிபெயர்த்துச் சொன்னார்.

"ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் அகலம்? வால்த்தேரி."

அவ்வளவுதான். கெர்த்து என் தோளில் சாய்ந்து, இல்லை, குனிந்து, குழந்தை மாதிரி அழுதார். "பேசிவிட்டான், பேசிவிட்டான்" என்றார். காதர் பாய் பயந்துபோய், யாராவது தவறிவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை பாய், அண்ணன் ஓட்டையின் அகலம் கேட்டிருக்கிறார்" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் நுரை பொங்க ஆற்றிய டீ, அங்கே தே தாரிக் என்பார்கள், இரண்டு கொண்டுவந்து வைத்தார்.

எட்டாம் நாள் மறுபடியும் லாரி, மறுபடியும் சுருட்டு, இந்தத் தடவை முதல் சுருட்டையே கெர்த்து குடித்துவிட்டார். என் கைப்பையில் எப்போதும் ஆறு அங்குல அளவுகோல் ஒன்று இருக்கும். அதை வாங்கி, ஓட்டையின் மேல் வைத்து, மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து அளந்தார். ஹெர்மன்னி என்றால் ஓட்டைக்குள் இருந்தது இரண்டு எழுத்து. ஹார்ட்மன்னி என்றால் மூன்று. மிச்சமிருந்த எழுத்துகள் ஆளுக்கு நாலு மில்லிமீட்டர். ஓட்டை பன்னிரண்டு. நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டேன்.

கெர்த்து அளவுகோலைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"மூன்று" என்றேன்.

"மூன்றுதான்" என்றார். "அவன் சொன்னதுதான் சரி."

"அப்படியே தந்தி கொடுத்துவிடுவோமா?"

"கொடுத்தால் நன்றி என்று ஒரு பதில் வரும். அதோடு முடிந்தது. அவனிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?" அவர் பெட்டியை மூடினார், சக்கரத்தை ஒரு தடவை தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் போன தந்தியில் இவ்வளவுதான் இருந்தது: "சரியாகத் தெரியவில்லை. நீயே வந்து அளந்து பார்."

"எழுவது வயசு ஆளு இவ்வளவு தூரம் வருவாராக்கா?" என்று வீராசாமி கேட்டதற்கு, "வருவான். நான் அளந்ததை அவன் ஒரு நாளும் நம்பியதில்லை" என்றார்.

அடுத்த வருடம் எனக்கு வீராசாமியிடமிருந்து கடிதம் வந்தது. "டீச்சரக்கா, கருத்தக்காவும் அவங்க அண்ணனும் வந்தாங்க. அவரு கண்ணாடி வச்சு அளந்தாரு. மூனு விரலக் காட்டுனாரு. கருத்தக்கா ரெண்டு விரலக் காட்டுனாங்க. சாமி முன்னாலயே ரெண்டு மணி நேரம் சண்ட. நடுவுல அவரும் நம்ம மந்திரத்தச் சொன்னாரு, எப்படித் தெரியும்னு ஆச்சரியமாப் போச்சு. அப்புறம் மழ வந்துச்சு. ஆளுக்கு ஒரு குட வச்சிருந்தாங்க. பேச்சு விட்டுப்போயிரும்னு ஒரே குடையில நடந்து போனாங்கக்கா, ரெண்டு பேரும் பாதி நனைஞ்சுக்கிட்டு. அடுத்த வருசமும் வாராங்களாம். அதுக்குள்ள செல்லு மிச்சத்தையும் தின்னுரும் போல இருக்கு. பொட்டிக்கு மருந்து அடிக்கவா? படிச்சவங்க நீங்கதான் சொல்லணும்."

மருந்து அடிக்க வேண்டாம் என்று அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன்.